எழுவாய் இல்லாத நாள்

வழக்கமாக இரண்டு பேருந்துகள்.
ஒன்றில் நான், ஆங்கிலத்தில்.
மற்றதில் எஃப்ரென், ஜப்பானிய மொழியில்.
ஒரே பீரங்கிக்கு முன்னால்
பத்து நிமிடம் தள்ளித் தள்ளி வந்து நிற்போம்.
என் ‘எதிரி’ காற்றில் காய்ந்த பிறகுதான்
அவன் ‘உங்கள் வீரர்கள்’ என்று தொடங்குவான்.

இன்று அவன் வண்டியின் அச்சு முறிந்தது.
மணிலாப் படகு இறக்கிய அத்தனை பேரையும்
ஒரே வண்டியில் அடைத்துவிட்டான் துலோ.
முன் வரிசையில் மினசோட்டா திருமதி ஹால்வர்சன்,
மடியில், பிளாஸ்டிக் உறைக்குள், தகப்பன் படம்.
பக்கத்து இடம் ஒகிமுராவுக்கு வாய்த்தது.
தொப்பியைக் கழற்றி, குனிந்து, பிறகு உட்கார்ந்தார்.
படியில் தொற்றிக்கொண்டு
எஃப்ரென் என்னை மொழிபெயர்த்துக்கொண்டு வந்தான்.

பதினேழு பக்கம், பதினொரு வருட மனப்பாடம்.
முதல் வளைவிலேயே தெரிந்துபோயிற்று
பாதியை வாய்விட்டுச் சொல்ல முடியாதென்று.

ஆகவே எழுவாயை
கொரேகிடோர் படகுத்துறையிலேயே இறக்கிவிட்டேன்.
“இங்கே குண்டு விழுந்தது.”
“கூரை சரிந்தது.”
“நாற்பத்திரண்டு மே மாதம் கொடி இறங்கியது.”
“நாற்பத்தைந்தில் ஏறியது.”
மழை பெய்தது,
மாங்காய் பழுத்தது என்பதுபோலத்
தானாகவே நடந்து முடிந்தது போர்.

மைல் நீளப் படைவீட்டுக்கு வெளியே
திருமதியின் கையிலிருந்த வாழைக்காய் வறுவலை,
பொட்டலத்தோடு, ஒரு குரங்கு பறித்தது.
காலையிலிருந்து
எழுவாயோடு நான் சொன்ன ஒரே வாக்கியம் அது.
ஒகிமுரா தன் பையைத் திறந்து
அரிசி பிஸ்கட் ஒன்றை நீட்டினார்.
அவர் வாங்கிக்கொண்டார்; தின்றாரா, பார்க்கவில்லை.

குண்டுச் சிதறல் தின்ற இரும்பில்
ஒவ்வொரு குழியாக விரலை விட்டுப் பார்த்தார் ஒகிமுரா,
ஏதோ பொருத்தமான அளவு தேடுகிறவர்போல.
நான் எதுவும் விளக்கவில்லை.
கொசு கடித்தது.

மலிந்தா என்றால் அட்டைகள் நிறைந்தது.
“இப்போது அட்டை இல்லை, பயணிகள்தான்.”
இந்தப் பழைய நகைச்சுவைக்கு மட்டும்
இரண்டு மொழியிலும் சிரிப்பு வந்தது.
பிறகு சுரங்கத்தின் விளக்கை அணைப்பார்கள்.
அது காட்சியின் ஒரு பகுதி; யாரும் பயப்பட வேண்டாம்.

அந்த இருட்டில்,
பள்ளிக்கு மட்டம் போட்டு அம்மாவோடு வந்திருந்த
படாங்காஸ் பையன் ரமில், தகாலோகில் கேட்டான்:
“மிஸ், நாம எந்தப் பக்கம்?”

பதினான்காம் பக்கத்தில் அரைவரி உண்டு:
‘உள்ளூர்த் தொழிலாளர் பலரும்.’
பலரும் என்ன ஆனார்கள் என்று
அந்த வரி முடித்துச் சொல்லவில்லை.
மேலே எங்கோ நீர் சொட்டியது.

“பெட்டி தூக்கின பக்கம்,” என்றேன்.

“ரொம்ப கனமா?”

“ரொம்ப.”

எஃப்ரெனுக்கு அது ஜப்பானிய மொழியில் வரவில்லை.
எனக்கும் ஆங்கிலத்தில் வரவில்லை.
விளக்கு வந்தது, எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள்.

மூன்று நினைவிடங்கள். இரண்டரைக்குப் படகு.
குவிமாடத்தில் திருமதி படத்தை உறையிலிருந்து எடுத்தார்,
கொஞ்சம் வெயில் காட்டிவிட்டு உள்ளே வைத்தார்.
அமைதித் தோட்டத்தில் ஒகிமுரா
ஊதுவத்தி பற்றவைக்க ஆறு தீக்குச்சி செலவானது.
அவ்வளவு காற்று.
நேரம் போதாத நாளில் விட்டுப்போவது
எப்போதும் மூன்றாவது, எங்களுடையது.
துலோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான்.

நான்கு நிமிடம் நின்றோம்.
ரமில் பித்தளைத் தகடு முழுக்கத் தேடினான்.
பெட்டி தூக்குகிற ஆளை
யாரும் அதில் செதுக்கியிருக்கவில்லை.

படகில் தலை எண்ணினேன்: நாற்பத்தொன்று.
சீட்டில் நாற்பத்திரண்டு.
மறுபடி எண்ணினேன், நாற்பத்தொன்றே.
கயிற்றை அவிழ்க்காமல் கத்தினான் மாலுமி,
“யார் இல்லை? யார் இல்லை?”

துலோதான் கரையிலிருந்து
என்னை நோக்கி விரலை நீட்டினான்.