தறி நிற்கும் நேரம்

பள்ளிப்பட்டில் மின்சாரம் போனால்தான்
எனக்கு வேலை.

கீழே பதினாறு விசைத்தறி.
ஓடும்போது மாடியே நடுங்கும்.
ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்த கடிதம்
மயிரிழை நகரும்,
எழுத்துக்கு எழுத்து ஒரு நிழல் முளைக்கும்.
முதல் வாரம் எடுத்த இருநூறு படமும்
சென்னையிலிருந்து திரும்பி வந்தன:
மங்கல். மீண்டும் எடுக்கவும்.

ஆகவே காத்திருப்பேன்.
பதினொன்று பத்துக்குச் சட்டென்று நிற்கும்,
காதுக்குள் மட்டும் இன்னும் கொஞ்சம் ஓடும்.
இன்வெர்ட்டரில் நாற்பது நிமிடம்.
அதற்குள் நாதமுனி பேசி முடிக்க வேண்டும்.

நாதமுனி, லாரி ஓட்டிய சிப்பாய்,
நாற்பத்திரண்டாம் வருஷம்,
பஸ்ரா என்று நினைக்கிறேன்.
ஊர்ப்பெயர் வருமிடமெல்லாம்
தணிக்கைக்காரரின் கறுப்பு மை.
ஓரிடத்தில் ஏமாந்துவிட்டார்:
"இங்கே பேரீச்சை நம்ம ஊர் புளியம்பழமாட்டம்
கேட்பாரில்லாமல் கிடக்குது."

சொன்னது தமிழ்.
எழுதிக்கொடுத்தவர் நகரிப் பக்கத்து ஆள்,
தெலுங்கு எழுத்துதான் அவருக்குக் கைவரும்.
உருண்டை உருண்டையாய் அந்த எழுத்தில்
கங்கம்மாவுக்குத் தமிழ் வந்து சேர்ந்திருக்கிறது.
அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது.
சந்தைக்கு வரும் வளையல்காரர் படித்துக் காட்ட
ஒன்றும் கெட்டுப்போகவில்லை.
கெட்டது என் படிவத்தில்தான்:
மொழி, ஒன்றை மட்டும் தேர்வு செய்க.

"மளை பேஞ்சுதா" என்று
எல்லாக் கடிதத்திலும் கேட்கிறான்.
தெலுங்கில் ழ கிடையாது.
அவன் வாயே அப்படியா,
எழுதினவர் கையில் அந்த எழுத்து இல்லாததாலா,
எண்பது வருஷம் கழித்து யாரைக் கேட்பது?
உள்ளபடியே தட்டச்சு செய்யவும் என்பது விதி.
மளை என்றே அடிக்கிறேன்.
பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடுகிறது.
போடட்டும்.

இருபத்தாறாம் கடிதம் முழுக்கக் கணக்கு.
"பொன்னுரங்கம் முப்பத்தெட்டு ரூபாய் தரணும்.
பாவு நூலுக்கு வாங்கினது.
கேட்டால் நாளைக்கு என்பான்.
நீ போய் வாசலில் நில்லு.
பேசாதே. நில்லு."

பொன்னுரங்கத்தின் பேரன்தான்
கீழே பதினாறு தறிக்கும் சொந்தக்காரர், துளசிராமன்.
இந்த அறைக்கு வாடகை வாங்காதவர்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்
முந்தின நாள் சொன்னவள் நானேதான்.
மேலே வந்தார், கையில் எனக்கும் சேர்த்து டீ.
"எங்க தாத்தா பேர் வருதுன்னீங்களே, படிங்க."
படித்தேன்.
வாசலில் நில்லு என்பது வரை வந்தபோது
மின்சாரம் வந்தது.
பதினாறும் ஒன்றாய் எழுந்தன.
அவர் உதடு என்னவோ சொன்னது.
டீயில் வட்டம் வட்டமாய் அலை.
இறங்கிப் போய்விட்டார்.

மூன்றாம் நபர் ஆட்சேபம், ஆம் அல்லது இல்லை.
அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டுக்
கோப்பை மூடினேன்.

கங்கம்மா எழுதச் சொன்னது ஒன்றும்
பெட்டியில் இல்லை.
இருபத்தேழில் ஒரு வரி இருக்கிறது:
"போய் நின்னியாமே. உட்காரச் சொன்னாங்களா?"
அதற்குக் கீழே மடிப்போடு தாள் போய்விட்டது.

மறுநாள் மின்வெட்டு இல்லை என்று
முன்னமே செய்தி வந்திருந்தது.
பத்தரைக்குத் தறிகள் நின்றன.
விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது,
தறி மட்டும் இல்லை.
பாவு மாற்றுகிறார்களோ என்னவோ.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

இருபத்தாறை எடுத்துக் கவிழ்த்து மூடினேன்.
வெளிச்சம் மெல்ல ஊர்ந்து
முப்பத்தெட்டு ரூபாயைக் கடந்து போனது.
படம் தெளிவு. தாளின் நாரே தெரிந்தது.

பதினொன்றரை ஆயிற்று.
கீழே ஒருவர் இருமுவது
அத்தனை பக்கத்தில் கேட்டது.