ஐம்பத்தெட்டு வேகன்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்துவிட்டது.
முன்னால் ஒரு தண்ணி லாரி,
சொட்டிச் சொட்டி ரோட்டில் கோடு போட்டிருக்கிறது.
பின்னால் எத்தனை வண்டி, பார்க்கவில்லை.
என் ஷேர் ஆட்டோவில் ஆறு பேர்,
ஏழாவதாக ஒரு கூடை வவ்வால் மீன்.

மார்ச் மாதம் வரை
இந்த இடத்தில் நான் வேறு ஆள்.
கேட் விழுந்தால் ஹேண்டில்பாரைக் குத்துவேன்.
கேட்கீப்பரின் ஏழு தலைமுறையையும்
வரிசையாகத் தண்டவாளத்தில் படுக்கவைப்பேன்.
இன்ஜினை அணைக்க மாட்டேன்.
அணைத்தால் தோற்ற மாதிரி.

பிறகு ஒரு விடியற்காலை, தண்டையார்பேட்டையில்,
இடது தோளில் யாரோ
சிமெண்ட் மூட்டையை இறக்கினார்கள்.
மணிக்கட்டு வழியாக நுழைந்து
ஸ்டான்லியில் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.
அடைப்பு போய்விட்டது.
நெஞ்சு மட்டும் யாரோ துரத்துகிற மாதிரியே இருந்தது,
படுத்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும்.

பிசியோ அறையில் ஷம்ஷாத் மேடம்
என் காது மடலில் ஒரு கிளிப் மாட்டி
திரையைத் திருப்பிக் காட்டினார்.
"தேசப்பன் சார், உங்க ஹார்ட்டு
கடிகாரம் மாதிரி அடிக்குது."
நான் சிரித்தேன்.
"சிரிக்காதீங்க. அப்படி அடிக்கக் கூடாது."

மூச்சு உள்ளே போகும்போது அது கொஞ்சம் ஓட வேண்டுமாம்,
வெளியே வரும்போது கொஞ்சம் நடக்க வேண்டுமாம்.
ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே
இடைவெளி கூடிக் குறைய வேண்டுமாம்.
பிசகே இல்லாமல் அடிக்கிறது என்றால்
எதையோ பார்த்து மிரண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

எனக்கு ஆட்டோ பாஷையில்தான் ஏறியது:
நரம்பில் இரண்டு கேபிள்.
ஆக்ஸிலேட்டர் சிக்கி நிற்கிறது,
பிரேக் தொளதொளத்துக் கிடக்கிறது.
முப்பது வருஷமாக நான்தான்
அந்த பிரேக்கைத் தொடாமலே ஓட்டியிருக்கிறேன்.

"மாத்திரையை விட்டுடாதீங்க. அது பாட்டுக்கு அது.
இது நீங்க மிதிக்கிற பிரேக்கு."
நாலு எண்ணி இழுக்கணும்,
ஆறு எண்ணி விடணும்.
நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, அவ்வளவுதான்.
சாயந்திரம் நடக்கணும்,
பேச்சு திக்காத வேகத்தில்.
பத்து மணிக்கு மேல் சவாரி எடுக்கக் கூடாது.

வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தேன்.
கோட்டீஸ்வரி குக்கர் விசிலை எண்ண,
நான் மூச்சை எண்ண,
கணக்கு இரண்டும் கலந்து பருப்பு தீய்ந்தது.
ஆறு என்று எண்ணினாலே
ஆறாயிரம் டியூ ஞாபகம் வந்தது.
ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன்.
ஷம்ஷாத் மேடத்திடம் செய்வதாகச் சொன்னேன்.
கிளிப் என்னைக் காட்டிக்கொடுத்தது.

அப்புறம் ஒருநாள் இதே கேட்,
இதே வெயில்.
நிலக்கரி ஏற்றிய கூட்ஸ், அவசரமே இல்லாமல்.
ஹேண்டில்பாரில் கை ஓங்கியது ஓங்கியபடி,
ஒரு வேகனுக்கு இரண்டு நொடி ஆகிறது என்று
எனக்கு ஏன் தோன்றியதோ.
இரண்டு வேகன் உள்ளே.
மூன்று வேகன் வெளியே.
இன்ஜினை அணைத்தேன்.
"இன்னா அண்ணே, ரிப்பேரா?" என்றாள் மீன்காரி.
ஆமாம் என்றேன், பொய்யில்லை.

இன்றைக்கு ஐம்பத்தெட்டு வேகன்.
கரித்தூள் பறக்கிறது. வாயை மூடி மூக்கால்.
தண்டவாள மூட்டில் சக்கரம்
தடக்… தட்தடக்… தடக்,
ஒன்று போல இன்னொன்று இல்லை.
இப்படித்தான் அடிக்கச் சொன்னாரோ.
பதினொரு மூச்சு முழுசாகப் போயிற்று,
மூன்று வேகன் மிச்சம்.
இரண்டை இழுத்தேன். ஒன்றை விட்டேன்.
ரயில் தீர்ந்துவிட்டது.

கேட் ஏறுகிறது.
எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில்.
தண்ணி லாரி நகர்ந்துவிட்டது.
பின்னாலிருந்து ஒருத்தன் கழுத்தை நீட்டி,
"யோவ் சாவுகிராக்கி, எட்றா வண்டிய!"

கிராக்கிதான் தம்பி.
மார்ச் மாதம் ஏறினேன், பாதியில் இறக்கிவிட்டார்கள்.
சொல்லவில்லை. சொல்ல மூச்சு வேண்டும்,
அது இப்போது வேலையாக இருக்கிறது.

காலித் தண்டவாளத்தைப் பார்த்தபடி
வராத இரண்டு வேகனையும்
மெதுவாக வெளியே அனுப்பிவிட்டு
சாவியைத் திருப்பினேன்.