சவம் ஓடுமா

எங்கள் ஊரில் சைக்கிள் செயின் கழன்றாலும் சவம்.
கரண்டு போனாலும் சவம்.
பேச்சிப்பாறை பஸ் நிற்காமல் போனால்
அதைவிடப் பெரிய சவம்.
செத்தவர்கள் எழுந்து நடக்கிற படங்களை
அதனால்தான் நாங்கள்
சொந்தக்காரர் வீட்டு வீடியோ போலப் பார்க்கிறோம்.

ஓடுமா, ஓடாதா என்பதில் மட்டும்
எனக்கும் விஜிலாவுக்கும் ஒன்பது வருடச் சண்டை.
ஓடக் கூடாது என்பது என் கட்சி.
செத்தவனுக்கு என்ன அவசரம்?
மெல்ல வர வேண்டும், வந்துகொண்டே இருக்க வேண்டும்,
கூட்டுறவு வங்கி நோட்டீஸ் மாதிரி.

விஜிலா குலசேகரத்தில்
ரத்தம் எடுக்கிற லேபில் இருக்கிறாள்.
"பசிச்சா ஓடாண்டாமா பிள்ளே?" என்பாள்.
படத்து ரத்தத்தையும் விட மாட்டாள்,
மூன்று நாளாகியும் இது ஏன் கறுக்கவில்லை என்று
ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.
அப்போது நான் என் மரங்களை நினைப்பேன்.
முன்னூற்றிருபது ரப்பர்.
விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாகக் கீறிப் போகிறவள் நான்.
தூரத்தில் அடுத்த தோட்டத்து விளக்குகள்
முகமில்லாமல்
அசைந்து அசைந்து வரும்.
யாரும் ஓடி நான் பார்த்ததில்லை.

சுஜின் இதில் சேர மாட்டான்.
அவனுக்குக் கையால் வரைந்த படம்தான் படம்.
கோடு கொஞ்சம் நடுங்க வேண்டும்.
"கம்ப்யூட்டர் கரடிக்கு மயிரை எண்ணலாம்,
மூச்சு எங்க?"
இப்படிக் கேட்கிறவன் திருவட்டாறில்
கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்கிறான்.
கோட்டே போடாத ஆளுக்குக் கோட்டு,
பின்னால் ஒரு பனிமலை.
போன மாதம் ஒருவர் மீசையைக் கறுப்பாக்கிவிட்டான்.
மனைவி வந்து நின்றாள்:
"இது அவரு இல்ல. நரையைத் திருப்பிப் போடு."
ராத்திரி முழுக்க மவுஸைப் பிடித்து
ஒவ்வொரு நரையாக இழுத்தான்.
கை நடுங்கியதா என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்தக் கூலியில்தான் திருவிழாக் கடையில்
தனக்கென்று ஒரு ரோபோ வாங்கினான்.
வயது முப்பத்தாறு.
காராக மாறுகிற ரோபோவை அவன் மதிக்க மாட்டான்,
"ஒண்ணு காரா இரு, இல்லேண்ணா ஆளா இரு."
இது ஆள். நடக்கும். சுவரில் முட்டும்.
முட்டிய இடத்திலேயே நின்று
கொஞ்ச நேரம் நடந்துகொண்டிருக்கும்.
பிறகுதான் திரும்பும்.

ஜூன் மழை. வெட்டு இல்லை.
ஷீட் அடிக்கிற ஷெட்டில் மூன்று பேரும்
ஒரு போனில் குனிந்து கிடந்தோம்.
படத்தில் ஒரு கதவு மெல்லத் திறந்தபோது
சார்ஜ் தீர்ந்தது.
கரண்டு முன்னாலேயே போயிருந்தது.
இருட்டில் ஒரு சிவப்பு நெஞ்சு
ஸர் ஸர் என்று எங்களைப் பார்த்து வந்தது.
சுஜின் தொட்டானா, தானாகவா, தெரியாது.
வாளி ஒன்று உருண்டது.
விஜிலா
மழைக்குள்
ஓடிவிட்டாள்.

ஓடினது யாரு பாத்தியா, என்றேன் வாசலில் நின்று,
உசிருள்ளவதான்.
"சவமே" என்றாள் நனைந்தபடி,
"நாம மட்டும் ஓடினா அது என்ன படம்?"
அதற்கு என்னிடம் பதிலில்லை.
இன்றும் இல்லை.

காலையில் பார்த்தால்
வாளியில் மிச்சம் கிடந்த பால் கொட்டி
சிமெண்ட் தரையெங்கும் குட்டிக் குட்டிச் சதுரக் காலடிகள்,
சுவர் வரை போய்
சுவரடியில் ஒன்றின்மேல் ஒன்றாக மிதித்து.
நகத்தால் நெம்பினேன்,
தோல் மாதிரி உரிந்து வந்தது.
அதன் கால்களிலும் பால் உறைந்து
ரப்பர் செருப்பாகியிருந்தது.
சுஜின் அதை உரிக்க விடவில்லை.

இப்போது அது
கொஞ்சம் மெல்லத்தான் நடக்கிறது,
பாதம் வைக்கும் சத்தம் கேட்பதில்லை.