நெளிகோடு

விசைப்பலகையின் இடது மூலையில்
எஸ்கேப்புக்குக் கீழே
எண்களுக்கு முன்னால் ஒண்டிக் கிடக்கிறது நெளிகோடு.
அதைப் போட்டு ஒட்டினாற்போல் பெயரை எழுதினால்
கிண்டியில் ஒரு வீடு கிடைத்த காலம் இருந்தது.
பத்து மாத அட்வான்ஸ் இல்லை.
நீங்க என்ன ஆளுங்க என்று
சுற்றிவளைத்துக் கேட்கும் ஓனர் இல்லை.
ஐந்து எம்பி இடம்.
ஏழு ஐந்து ஐந்து என்றொரு பூட்டு:
குடியிருப்பவருக்கு எல்லாம்,
வருகிறவர் பார்க்கலாம்
எதையும் நகர்த்தக் கூடாது.

சுற்றறிக்கை வந்திருக்கிறது.
பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு
முன்னாள் மாணவர்களின் சொந்தப் பக்கங்கள்
வெள்ளி மாலைக்குள் நீக்கப்பட வேண்டும்.
பச்சை மையில் கையெழுத்து.

வெளியே மே மாதம்.
சர்தார் படேல் சாலையில்
தார் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
சர்வர் அறையில் பதினெட்டு டிகிரி.
கத்திரியிலும் பையில் ஸ்வெட்டரோடு
பஸ் ஏறுகிறவள் நான்.

ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் வீடுகள்.
அழிக்க ஒரு வரி போதும்.
ஆனாலும் திறந்து பார்த்தேன்
காலி செய்த வீட்டின் பரணில்
ஒருமுறை கைவிட்டுத் துழாவுவதுபோல.

எபநேசரின் பக்கத்தில்
மஞ்சள் தொப்பிக்காரன் மண்வெட்டியோடு நிற்கிறான்.
'வேலை நடக்கிறது, விரைவில் வருக.'
தொண்ணூற்றொன்பதிலிருந்து அதே பிடி மண்.
அவனுக்குப் பிறகு தோண்ட வந்தவர்கள்
மெட்ரோ ரயிலே ஓட்டிவிட்டார்கள்.

கறுப்பு வானத்தில் இளஞ்சிவப்பு எழுத்துகள்
வாசுகிப்பிரியா, மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல்.
பிடித்த நிறம், பிடிக்காத பேப்பர்,
நட்சத்திரங்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன
பெருக்கிவிட ஆளில்லாமல்.

தமிழில் எழுதியவர்கள் பாடுதான் மோசம்.
அந்த எழுத்துரு செத்துப் பல வருஷம்.
இப்போது அங்கே
கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள்,
ஒரு பவுண்டுக் குறி, நிறையக் கேள்விக்குறிகள்.
மாற்றி ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து
ஒரு பக்கத்தை மீட்டேன்.
காதல் கடிதமாயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.
'அன்புள்ள பார்வையாளரே
நீங்கள் பதினொன்றாவது ஆள்.
மற்ற பத்துப் பேரும் நானே.'

சிரித்தேன்.
விசிறிகளின் இரைச்சலில்
எனக்கே கேட்கவில்லை.

பிறகு தவசிமணி.
ஒரே பக்கம், படம் இல்லை.
'சைக்கிள் விற்பனைக்கு. நல்ல நிலையில்.
முந்நூறு ரூபாய், பேரம் உண்டு.
அறை நூற்றுப் பதினான்கு.'
ஏழு இலக்கத்தில் விடுதியின் எண்.

எதற்கென்று கேட்காதீர்கள்,
முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்து
அழைத்துவிட்டேன்.

மணி அடித்தது.
நெடுநேரம் அடித்தது.
எடுத்தவர் வாட்ச்மேனாக இருக்க வேண்டும்,
வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தார்.
நூத்திப் பதினாலா?
அது இப்ப ஸ்டோர் ரூமும்மா.
ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல
நனைஞ்ச மெத்தையெல்லாம் அங்கதான் கெடக்கு.
சைக்கிளா?
இருங்க.

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம்.
தூரத்தில் ஒரு குழாய் சொட்டுவது,
பறங்கிமலை பக்கமிருந்து
விமானம் ஒன்று இறங்குவது,
அவர் திரும்பி வருவது.

பின்னால ஒண்ணு சாத்திவெச்சிருக்கு.
யாருதுன்னு தெரியல.
பெடல் இல்ல.
வந்து பாக்குறீங்களா?

வெள்ளி மாலை நான்கு ஐம்பது.
நிர்வாகிக்கு எந்தப் பூட்டும் கிடையாது.
வந்தவள் எதையும் நகர்த்தக் கூடாது என்ற விதியை
முதல்முறையாக மீறினேன்.
'நல்ல நிலையில்' என்பதற்குப் பக்கத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருக்க
'பெடல் மட்டும் இல்லை'
என்று சேர்த்துச் சேமித்தேன்.

பிறகு அந்த ஒரு வரியை அடித்தேன்.
நிச்சயமா என்று இயந்திரம் கேட்கவில்லை.