நாலு விரக்கடை

வலையின் உயரத்துக்கு டேப் வேண்டாம்.
ஒரு மட்டையை நிறுத்தி
அதன் தலைமேல் இன்னொன்றைக் குறுக்கே வைத்தால்
நடுவில் சரியாக இருக்கும்.
காலை ஐந்தே முக்காலுக்கு இது முதல் வேலை.
அப்புறம் சுண்ணாம்புக் கோடு.
அப்புறம், பதிவாளர் மேசையிலிருந்து
என் கோப்பு இறங்கிவிட்டதா என்று
நினைக்காமல் இருப்பது.

பதினொரு மாத ஒப்பந்தம்.
முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி.
அந்த ஒரு நாள்
இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் யாருமில்லை.
கேட்டில் கையெழுத்துப் போட்டு
பார்வையாளர் அட்டை மாட்டிக்கொண்டு
என் மைதானத்தைப் பெருக்கியிருக்கிறேன்,
ஏழு முறை.

தேய்ந்த பந்துகளை வீணாக்குவதில்லை.
வாயைக் கீறி
தேர்வு மண்டப நாற்காலிக் கால்களுக்கு மாட்டிவிடுவோம்.
மூன்று மணி நேரம் ஒரு சத்தம் இருக்காது.
நான் சொல்லிக்கொடுத்த பாடத்துக்குத்தான்
பரீட்சையே கிடையாது.

மேற்கே மலை.
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்
மதியத்திலேயே வாயைத் திறந்துவிடும்.
சர்வீசுக்குத் தூக்கிய பந்து
தூக்கிய இடத்தில் இறங்காது.
"பந்து அன்னூருக்கே போயிரும் போலிருக்குதுங் மேடம்"
என்பாள் கவிபாரதி, மண்ணியல் இரண்டாம் ஆண்டு.
தாழத் தூக்கு என்பேன்.
காற்றைத் திட்டாதே,
அடுத்த கேமில் அது உன் பக்கம்.

போன செவ்வாய் ராத்திரி
ஒற்றைக் கொம்பன் இறங்கியது.
சோதனை வயல் கரும்பைத் தின்றுவிட்டு
ஆடுகளத்தைக் குறுக்கே கடந்து போயிருக்கிறது.
வலையைத் தொடவில்லை.
கம்பத்தைச் சுற்றிக்கொண்டு,
மனுசர் மாதிரி.

வனக்காவலர் வந்து
முன்னங்கால் தடத்தை நூல் பிடித்துச் சுற்றி அளந்தார்.
இரண்டால் பெருக்கி
எட்டே முக்கால் அடி என்றார்,
ஆளைப் பார்க்காமலே.
கவிபாரதி தன் பங்குக்கு
ஒரு தடத்துக்குள் எத்தனை பந்து பிடிக்கும் என்று
அடுக்கிப் பார்த்தாள். முப்பத்தொன்று.
மாகாளியப்பன் இரண்டு நாள் உருளை இழுத்தும்
பின்கோட்டுக்குப் பின்னால் ஒன்று மட்டும்
அமுங்காமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பதிவாளர் விளையாட வந்தார்.
கோப்பு மேசையில் இருக்கும் வாரங்களில்தான்
அவருக்கு நேரம் கிடைக்கும்.
ரத்தினசபாபதி சார் கெட்டவர் இல்லை.
பேக்ஹேண்ட் மட்டும் கெட்டது.
ஜெயித்தால் கேண்டீனில் எல்லோருக்கும் காபி சொல்வார்.
ஏழு வருஷமாக நாங்கள் காபி குடித்துவருகிறோம்.

ஐந்துக்கு ஐந்து. நாற்பதுக்கு முப்பது, அவர் சர்வீஸ்.
மூன்றாவது அடியில் ஒரு ஃபோர்ஹேண்ட் வந்தது,
வாழ்க்கையில் அவர் அடித்ததிலேயே நல்லது.
என்னைத் தாண்டி,
கோட்டுக்கும் யானைக்கும் நடுவே விழுந்தது.

சிமெண்ட் தளமென்றால் யோசித்துவிட்டு
எதையாவது சொல்லியிருக்கலாம்.
இது மண்.
பந்து பட்ட இடம் சின்ன நகக்கீறலாய்க் கிடக்கிறது,
வெள்ளைக் கோட்டிலிருந்து
நாலு விரக்கடை தள்ளி.

பெஞ்சில் இருந்த ஆறு பேரும்
ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்கள்.
மாகாளியப்பன் உருளைக்குப் பின்னால் எதையோ தேடினார்.
"என்னங்க?" அந்தப் பக்கமிருந்து.

"அவுட்டுங்க சார்."

அந்த 'ங்க' நான் சேர்த்ததில்லை.
நாக்கோடு பிறந்தது.

வலையைச் சுற்றி வந்தார்.
குனிந்தார்.
பந்தின் தடத்தை அரை நொடி,
அதற்குப் பின்னால் இருந்ததை
ரொம்ப நேரம் பார்த்தார்.
"இது எப்பங்க வந்துச்சு?"
"செவ்வாய்க்கிழமைங்க."
"தனியாவா?"
"தனியாத்தானுங்க."

இரண்டையும் மிதிக்காமல்
ஒதுங்கித் திரும்பி நடந்தார்.
டியூஸ் என்று அவரே சொன்னார்.
கோப்பைப் பற்றி யாரும் பேசவில்லை;
அது இன்றுவரை இறங்கவும் இல்லை.

அடுத்த சர்வீசை வாங்க
நாலடி பின்னால் போனேன்.
வலது காலை அந்தக் குழிக்குள் வைத்தேன்.
நல்ல பிடிமானம்.