தெரியவில்லை என்ற கட்டம்

வின்டர்தூரில் இரவு பத்துக்கு மேல்
குளிக்கத் தண்ணீர் திறக்கக் கூடாது.
படிக்கட்டில் ஒட்டியிருக்கிறார்கள்:
ஞாயிறன்று துணி துவைக்கக் கூடாது,
கம்பளம் தட்டக் கூடாது, டிரம்பெட் கூடவே கூடாது.
யானையைப் பற்றி ஒன்றும் இல்லை.

என் வேலை கேட்பது.
தெங்குமரஹாடாவுக்கு மேலே, மாயாற்றின் கரையில்,
நீர்மருத மரத்தில் கட்டிவைத்த கருவி
ஆறு வாரம் விழித்திருந்து பதிந்ததை
மூன்றாம் மாடியில், பனி அடைத்த ஜன்னலருகே,
பிரித்துப் பிரித்துப் போடுகிறேன்.
மணிக்கு இருபத்தாறு ஃபிராங்க்.

பெரும்பாலும் காற்று. அப்புறம் ஆக்காட்டி.
எங்கோ ஒரு ஜீப் கியர் மாற்றுகிறது.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் பேசுகின்றன,
காதுக்கு எட்டாத ஆழத்தில்.
திரையில் மட்டும் தெரியும், அடி ஓரத்தில்
மூன்று விரலால் இழுத்த விபூதி போல.

களிறு, பிடி, வேழம், கயம், உம்பல்:
யானைக்குப் பெயர் வைத்துத் தீரவில்லை நமக்கு.
கத்தினால் பிளிறல்.
இந்தக் கோட்டுக்கு மட்டும் சொல் கிடையாது.
கேட்டிருந்தால்தானே.

அட்டவணையில் மூன்று கட்டம்:
அழைப்பு. பதில். தெரியவில்லை.

பிப்ரவரி மூன்று, அதிகாலை இரண்டு பத்து.
மூத்த பிடி நீளமாக ஒன்று சொல்கிறாள்.
(கிழிந்த காது என்பேன் அவளை,
கேமராவில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.)
மூங்கில் முறியும் சத்தம் நிற்கிறது.
மெல்லுவது நிற்கிறது. பதினொரு விநாடி.
அப்போது முன்காலை லேசாகத் தூக்கி
நக நுனியை மட்டும் மண்ணில் ஊன்றி நிற்குமாம்;
பாதத்தால் கேட்குமாம்.
பிறகு எல்லாமே கிளம்புகின்றன.
ஏன் என்பது பதிவில் இல்லை.

ஓடை வற்றிய நாட்களில் மணல் தோண்டுகின்றன.
ஊற்று நிறையும்வரை மூச்சு மட்டும்.
குட்டி குடிப்பது தனியாகத் தெரியும்:
துதிக்கையை என்ன செய்வதென்று இன்னும் பழகாமல்
மண்டியிட்டு வாயாலேயே உறிஞ்சுகிறது.

பதின்மூன்று வயதிருக்கும் ஒரு களிறு
கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி வந்தான்,
அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளி.
யாரும் துரத்தியதாகக் கேட்கவில்லை.
யாரும் கூப்பிட்டதாகவும்.
மாசி பிறந்தபோது அவன் குரல்
ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரே ஒரு தடவை.
எந்தக் கட்டத்தில் போட்டேன் என்று
சொல்ல வேண்டியதில்லை.

ஹெட்ஃபோன் போதவில்லை எனக்கு.
மூடிப்போன நடனக்கூடம் ஒன்றிலிருந்து
நாற்பது ஃபிராங்குக்கு ஒரு பெரிய ஒலிபெருக்கி வாங்கி,
தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்து,
காலுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
குதிகாலில் மட்டும்,
பூட்டிய கதவை யாரோ உள்ளிருந்து
தோளால் சாய்த்துப் பார்ப்பது போல.

மறுநாள் கதவடியில் சீட்டு, பென்சிலில்:
மதிப்பிற்குரிய ஃப்ராவ் சென்னிமலை,
நேற்று 22.40க்கு என் கண்ணாடி அலமாரியில்
ஆறு ஒயின் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டன.
சத்தம் எதுவும் இல்லை.
இருந்தாலும் புகார் செய்கிறேன்.
ஹுன்சிக்கர், இரண்டாம் மாடி.

மன்னிப்போடும் ஒரு பை ஆரஞ்சோடும் இறங்கிப் போனேன்.
விளக்கினேன், என் அரைகுறை ஜெர்மனில்,
கையால் காட்டி, பிறகு காலால் காட்டி.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"அது என்ன சொல்கிறது?"

தெரியவில்லை என்றேன்.

அலமாரியைத் திறந்தார்.
கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார்,
இடையில் ஒரு விரல் இடம் விட்டு.
நான்கை. கடைசி இரண்டை அப்படியே விட்டார்,
தொட்டபடி.
"பத்துக்கு முன்னால் போடுங்கள்" என்றார்.

இப்போது ஒன்பது நாற்பது.
கிழிந்த காது பேசத் தொடங்கும் இடத்தில்
நிறுத்தி வைத்திருக்கிறேன்.
கீழே நாற்காலி நகர்கிறது.
காலணி ஒன்று கழன்று விழும் சத்தம்.

இன்னொன்று.