வலிக்கூ

கோட்டயம் போக இன்னும் ஒன்பது நாள்.
டீசல் ஊற்றும் புனலை
சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன்.
அப்படியும் போகவில்லை.
"அத்தா, ஜீப்பு நாறுது" என்றாள் ஹப்ஸா
மூக்கின் மேல் கவிழ்த்ததும்.

நாறட்டும், பழகின நாற்றம்தானே.
அங்கே வைக்கிற மூடி என்ன வாசனை அடிக்கும்
எனக்கும் தெரியாது.
பத்து வரை எண்ணு என்றேன்.
ஏழிலேயே கண்ணை மூடிக் குறட்டை விட்டாள்,
பொய்க் குறட்டை.
மெகராஜ் சிரிக்க வாயெடுத்து
அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பிறகு நான் நோயாளி, அவள் டாக்டர்.
"ஊசி இல்ல, சும்மா எறும்பு" என்று
நான் சொன்னதை எனக்கே சொல்லி
முழங்கையில் கிள்ளினாள்.
தோல் கன்றிப் போனது.
அன்றோடு எறும்பை விட்டேன்.
ஊசிதான். வலிக்கும்.
அஞ்சு எண்ணி முடிக்கையில குறைஞ்சிரும்.

வாசலில் நின்றால் தெரியும்
மலை மேலிருந்து பவர் ஹவுஸுக்கு இறங்கும் குழாய்கள்.
அதைக் காட்டிச் சொன்னேன்:
தொடையில ஒரு நூல் குழாய் விடுவாங்க,
அது இறங்குது, இது ஏறும்.
நெஞ்சுக்குள்ள ஒரு துளை இருக்குல்ல,
அங்க போய் ஒரு குட்டிக் குடைய விரிச்சு அடைச்சிருவாங்க.

கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தாள்.
"மலையிலயும் துளை போட்டுத்தான நமக்குத் தண்ணி வருது?"
ஆமா.
"அதையும் குடை வச்சு அடைச்சிருவாங்களா?"
இதற்குப் பதில் சொல்ல
இரண்டு மாநிலமும் திணறுகிறது,
நான் வெறும் ஜீப் டிரைவர்.

ராத்திரிக்கு மேல் பச்சைத் தண்ணிகூடக் கூடாது என்றதும்
அழுவாள் என்றுதான் நினைத்தோம்.
ரமலானில் அவளுக்கு அரை நோன்புதான் கொடுத்திருந்தோம்,
காலையில் இருந்து பத்து மணி வரை.
"இது முழு நோன்பா?"
முழுசு.
தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்று மட்டும் கடைசி வரை தள்ளிப் போட்டேன்.
தினம் விடியுமுன் குமுளி ஏறுகிறவன் நான்,
ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை இறக்கிவிட்டு
தார்ப்பாய்க் கயிறு கட்டும்போது
மேலே நிற்கிறவன் கத்துவான், வலிக்கெடா, வலிக்கு.
நோவு இல்லை அது. இழு என்று அர்த்தம்.
பஸ் குமுளி தாண்டியபின் மடியில் வைத்துச் சொன்னேன்:
அந்த அக்கா மூடியை வச்சிட்டு
"வலிக்கூ"ன்னு சொல்லும்.
பயந்துராத.
மூச்சை இழுக்கச் சொல்லுது, அவ்வளவுதான்.

"அப்ப நெசமாவே வலிச்சா எப்படிச் சொல்றது?"

வண்டிப்பெரியாறு வரை யோசித்தேன்.
"அத்தான்னு கூப்பிடு."

மறுநாள் காலை, பச்சைக் கதவு.
சக்கரக் கட்டிலில் அவள்,
பக்கவாட்டுக் கம்பிக்குள் கைவிட்டு என் விரலில் இரண்டைப் பிடித்திருந்தாள்.
மூடியைப் பார்த்ததும் நர்ஸிடம் கேட்டாள்,
"இதுல ஏன் டீசல் ஊத்தல?"
நர்ஸுக்குப் புரியவில்லை. சிரித்தது.
"ஸ்வாசம் வலிக்கூ மோளே."
ஹப்ஸா என் பக்கம் திரும்பி,
எனக்குப் புரிகிறதா என்பது போல,
மெதுவாகச் சொன்னாள்: "இழுக்கணுமாம்."
இழுத்தாள், நெஞ்சுக்கூடு தெரிய.
நானும் இழுத்தேன்.

"சேட்டா, இனி கை விடூ."

அது மலைக்கு இந்தப் பக்கமும் அதே சொல்தான்.
ஒன்பது நாளும் நான் சொல்லிப் பழக்காதது.

வராந்தாவில் மெகராஜ்
துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள்.
என் மடியில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு.
சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து
ஒரு பேரீச்சம்பழம்,
நோன்பு திறக்க.
கொடுக்கலாமா என்று கேட்கணும்.
யாராவது வெளியே வந்தால்.